எட்டு ஆட்டம், எட்டுச் சாயங்காலம்: இந்தியாவின் ஒலிம்பிக் கால்பந்தைக் கடற்கரை மணலில் சொல்லிக் கொடுப்பது எப்படி

இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது மொத்தமே எட்டு ஆட்டம்தான். 1948 லண்டனில் ஒன்று, 1952 ஹெல்சிங்கியில் ஒன்று, 1956 மெல்போர்னில் மூன்று, 1960 ரோமில் மூன்று. ஒரு வெற்றி, ஒரு சமன், ஆறு தோல்வி. போட்டது 10 கோல், வாங்கியது 27. கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஐந்து நிமிட வேலை. முதல் வருடம் நான் அப்படித்தான் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. அடுத்த வருடம் அதே எட்டு ஆட்டத்தையும் மணலில் ஆட வைத்தேன். அன்றைக்கு ஏழாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் இன்று காலேஜுக்குப் போகிறார்கள், இன்னும் யார் எந்த ஆட்டத்தில் கோல் போட்டார் என்று சொல்கிறார்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. பிறந்து வளர்ந்ததும் இதே கரையில்தான். பெரியபட்டினம், தொண்டி, மூக்கையூர் பக்கமிருந்து சில ஆசிரியர்களும் இளைஞர் மன்றத் தம்பிகளும் இதை எப்படி நடத்துவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நாளும் இடமும்

மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளிக்கும் லீவு. அப்பாக்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்பு நட, கயிறு கட்ட, பந்து கடலுக்குள் போனால் எடுத்து வர ஆள் கிடைக்கும். அதைவிட முக்கியம், பிள்ளை ஆடுவதை அப்பா பார்ப்பார். வருடத்தில் மற்ற மாதங்களில் அது நடக்காது.

எட்டு நாளையும் தொடர்ந்து வைக்க வேண்டாம். ஊரைப் பொறுத்து வெள்ளியோ ஞாயிறோ விட்டுவிடுங்கள். நாலரை மணிக்குத் தொடங்கினால் ஆறேகாலுக்குள் முடித்துவிடலாம்.

மே பிறந்ததும் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று ஏறும். தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் மணல் வாரி முகத்தில் அடிக்கும், தூக்கி அடித்த பந்து அடித்தவர் தலைக்கே திரும்பி வரும். அதனால் நாங்கள் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் போய்விடுவோம். உங்களுக்குத் தென்கடல் கரை மட்டும்தான் என்றால் பனைமரக் கூட்டத்தின் மறைவில் இடம் பாருங்கள். தண்ணீர் வற்றியதும் கெட்டியாக இருக்கிற ஈரமணல்தான் நல்லது. காய்ந்த மணலில் பந்து உருளாது, பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

நீளம் நாற்பத்தைந்து தப்படி, அகலம் முப்பது தப்படி போதும். பக்கத்துக்கு ஏழு பேர். கோலுக்கு இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே ஐந்து தப்படி, பின்னால் பழைய வலை. கோடு போடச் சுண்ணாம்பு தேட வேண்டாம். குதிகாலால் ஒரு கீறல் கீறி, கரை ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் கடற்புல்லை அதில் வரிசையாகப் போட்டால் கறுப்புக் கோடு கிடைத்துவிடும். மைல் தூரத்துக்கு அது சும்மாதான் கிடக்கிறது.

இடத்தைச் சுத்தம் பண்ணுவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பாதி ஆட்டங்கள் வெறுங்காலில் நடக்கப் போகின்றன. எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத இடம் கிடையாது. காற்று அதைக் கரை வரைக்கும் கொண்டுவந்து போட்டுவிடும். நான் முதலில் மேலே கிடந்ததை மட்டும் பொறுக்கச் சொன்னேன். ஒரு பையன் பாதத்தில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். இரண்டு வாரம் நொண்டினான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவே எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து பல் வைத்த வாரியால் மணலைக் கிளறிவிட்டு, பிள்ளைகளை ஒரு கை இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, குனிந்து தேடிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வைக்கிறேன். அப்புறம் குறுக்கே ஒருமுறை. சிப்பி ஓடு, தூண்டில் முள், கண்ணாடிச் சில் எல்லாம் வரும். ஒவ்வொரு நாளும் இது நடக்க வேண்டும். நேற்றுச் சுத்தம் செய்தோம் என்று விட்டுவிடக் கூடாது.

நிலைமையைக் கொடுங்கள், முடிவைக் கொடுக்காதீர்கள்

பழைய ஆட்டத்தை நாடகம் மாதிரி நடிக்க வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். “நீ இந்த நிமிடத்தில் கோல் போடு, நீ இப்போது விழு” என்றால் பிள்ளைகளுக்கு அதில் விளையாட்டே இல்லை. நான் செய்வது வேறு. உண்மை ஆட்டத்தில் ஒரு முக்கியமான நேரத்தை எடுத்து, அந்த ஸ்கோரை அப்படியே கொடுத்து, “இங்கேயிருந்து நீங்கள் ஆடுங்கள்” என்று விட்டுவிடுவேன். ஆட்டம் முடிந்து எல்லாரும் மூச்சு வாங்கும்போது உண்மையில் என்ன நடந்தது என்று சொல்வேன். தாங்கள் அதே நிலைமையில் நின்றுவிட்டு வந்ததால், அப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

நேரக் கணக்கு இப்படி: உண்மை ஆட்டத்தின் ஐந்து நிமிடம் நமக்கு ஒரு நிமிடம். 90 நிமிடம் 18 நிமிடமாகிவிடும். 70-ஆவது நிமிடம் என்றால் நம் கணக்கில் பதினான்கு. இதை ஒரு மீன் பெட்டியின் பக்கவாட்டில் எழுதித் தொங்கவிட்டால் பிள்ளைகளே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொருவருக்கும் அன்றைய ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டையில் குத்துங்கள். இந்தியாவுக்கு ஆடுகிறவர் மறுநாள் எதிரணிக்கு ஆட வேண்டும். தினமும் ஒரே கூட்டம் இந்தியாவாக இருந்தால் சண்டைதான் வரும். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். தனியாக ஒரு மூலையில் ஆட விடாதீர்கள்.

முதல் நாள்: லண்டன், வெறுங்கால்

1948 ஜூலை 31. லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் கிரிக்கில்ஃபீல்ட் மைதானம். எதிரணி பிரான்ஸ். சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைவர் தாலிமெரென் ஆவ், நாகாக்காரர், கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். அந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியைத் தூக்கி நடந்தவரும் அவர்தான். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல், பாதத்தில் துணிக்கட்டுப் போட்டு ஆடினார்கள்.

இங்கேதான் முதல் வேலை: கால் கட்டுவது. எங்கள் கரையில் இதைச் சொல்லித் தர நான் தேவையில்லை. என் அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து பழைய சேலையை நீளமாகக் கிழித்து, விரல் விரலாகச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார். பாறைக்குள் கை விட்டுப் பாசியைப் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்க அதுதான் காப்பு. சாயங்காலம் வந்து அவிழ்த்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். ஒரு வருடம் அவரையே கரைக்குக் கூட்டி வந்தேன். பதினான்கு பிள்ளைகளின் காலையும் அவர்தான் கட்டிவிட்டார்.

அவர் காட்டிய முறை இதுதான். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலை வேண்டும், நைலக்ஸ் கூடாது, வழுக்கும். இரண்டு விரல் அகலம், மூன்று முழம் நீளம். லேசாக நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். பாதத்தின் மேடான இடத்தில் தொடங்கி, அடிப்பாதம் வழியாக ஒரு சுற்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, மறுபடி பாதம், இப்படி மாற்றி மாற்றிப் போக வேண்டும். கால் விரல்களைச் சுற்ற வேண்டாம், அவை மணலைப் பிடிக்க வேண்டும். முடிச்சு கணுக்காலின் வெளிப்பக்கம் வரட்டும். அடியில் வந்தால் மிதிபடும், உள்பக்கம் வந்தால் மற்ற கால் உரசும். கட்டி முடித்ததும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

“டீச்சர், ஷூ வாங்கக் காசில்லாமத்தான் அப்படி ஆடுனாங்களா?” என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில்தான் ஆடிப் பழகினார்கள். பந்து காலில் படுகிற உணர்வு அவர்களுக்கு வேண்டியிருந்தது. பூட்ஸ் போட்டால் அது போய்விடும். அது அவர்கள் பழகிய ஆட்ட முறை. இதைச் சரியாகச் சொல்வது எனக்கு முக்கியம், ஏனென்றால் கேட்கிற பிள்ளையும் வெறுங்காலில்தான் நிற்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும்: வெறுங்காலில் ஆட விடாததால்தானே 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை? ஊர் பூராவும் சொல்கிற கதை இது. அது சரியான காரணம் இல்லை. அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்பை அவர்கள் உணரவில்லை. பிரேசில் வரைக்கும் நீண்ட கப்பல் பயணம் வேறு. இந்தக் காரணங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது ஆட்டம். பிரான்ஸ் 30-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டுவிட்டது. 70-ஆவது நிமிடத்தில் இந்தியா சமன் செய்தது. அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். அந்தப் பெயரைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். ராமேஸ்வரம் தீவுக்கு எதிர்க்கரையில் வளர்கிற பிள்ளைகளுக்கு ராமன் என்ற பெயர் பழக்கம்தான், ஆனால் லண்டனில் கோல் போட்ட ராமனை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

நிலைமை: ஸ்கோர் 1-1, பதினான்காவது நிமிடம், மீதம் நான்கு நிமிடம். ஆடச் சொல்லுங்கள். விசில் ஊதியதும் எல்லாரையும் கோலுக்கு முன்னால் கூட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெனால்டி. கட்டுப்போட்ட காலோடு. எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: அன்றைக்கு இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. சைலேன் மன்னாவும் மகாபீர் பிரசாத்தும் அடித்தார்கள், இரண்டுமே கோலாகவில்லை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டது. 2-1.

தான் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு இரண்டு நிமிடம்கூட ஆகாத பிள்ளை இதைக் கேட்டுவிட்டு மன்னாவைத் திட்டாது. எங்கள் பிள்ளைகள் ஒருமுறைகூடத் திட்டியதில்லை.

இரண்டாம் நாள்: ஹெல்சிங்கி, குளிர்

1952 ஜூலை 15. யூகோஸ்லாவியாவிடம் 10-1. இந்த ஆட்டத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று தோன்றும். நான் தாண்டுவதில்லை. முந்தைய வருடம், 1951-இல், டெல்லி ஆசிய விளையாட்டில் இதே இந்தியா தங்கம் வாங்கியிருந்தது, இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று. தங்கம் வாங்கிய அணி ஏன் பத்து கோல் வாங்கியது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும்.

இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, எதிரணி உண்மையிலேயே பெரிய அணி. அந்த யூகோஸ்லாவியா இறுதி ஆட்டம் வரை போய் வெள்ளி வாங்கியது. ஒருவரே, பிராங்கோ ஜெபெக், நமக்கு எதிராக நான்கு கோல் போட்டார். இரண்டாவது, குளிர். ஹெல்சிங்கி எங்கே இருக்கிறது என்று உலக வரைபடத்தில் காட்டுங்கள். அந்தக் குளிரில் நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலில் நின்றார்கள்.

குளிர் என்றால் நம் பிள்ளைகளுக்கு மார்கழி வாடைதான் தெரியும். அதற்குத்தான் ஐஸ். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போவதால் ஊரில் ஐஸ் கிடைக்கும். பாதி ஐஸ் பார் வாங்கி, சாக்கில் போட்டு உடைத்து, அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரோடு கலந்து வையுங்கள். இந்தியா அணிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்து கணுக்கால் வரை காலை வைக்க வேண்டும். முப்பது விநாடி, அதற்கு மேல் கூடாது. நீங்கள் பக்கத்திலேயே நின்று எண்ணுங்கள். காலில் காயம் இருக்கிற பிள்ளையை, உடம்பு சரியில்லாத பிள்ளையை விட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் பந்தைக் கொடுத்து, பத்துத் தப்படி தள்ளி நிற்கிற தோழருக்குத் தட்டிவிடச் சொல்லுங்கள்.

ஒரு பெண், எட்டாம் வகுப்பு, எங்கள் அணியிலேயே பந்தைத் துல்லியமாகத் தட்டுகிறவள். அன்றைக்குத் தொட்டியிலிருந்து காலை எடுத்துப் பந்தை அடித்தாள். பந்து கோணலாகப் போய் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நடுவே விழுந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, குனிந்து தன் காலைப் பார்த்தாள். “பந்து பட்டதே தெரியல டீச்சர்” என்றாள். பாதத்தைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தாள். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு யூகோஸ்லாவியாவுக்கு ஒன்பது பேர், இந்தியாவுக்கு ஐந்து பேர். முழுப் பதினெட்டு நிமிடமும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். நிறைய கோல் விழும், விழட்டும். ஒரே ஒரு விதி: இந்தியப் பக்கம் யாரும் ஆடுவதை நிறுத்தக் கூடாது. ஏனென்றால் அன்றைக்கு இந்தியாவின் ஒரே கோல் வந்தது 89-ஆவது நிமிடத்தில். அகமது கான் போட்டார். பத்து கோல் வாங்கிய பிறகும், கடைசி நிமிடம் வரை ஒரு மனிதர் பந்தைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அந்த எட்டு ஆட்டத்திலும் மிகவும் பிடித்த கோல் அதுதான். மெல்போர்ன் கோல்களைவிட.

இந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமானது. அதனால் மூன்றாம் நாளிலிருந்து ஷூ இருக்கிற பிள்ளைகள் போட்டுக்கொள்ளலாம். இல்லாதவர்கள் கட்டோடு ஆடட்டும். ஷூவுக்காக யாரையும் வெளியே உட்கார வைக்காதீர்கள்.

மெல்போர்ன்: மூன்று நாள்

இடையில் ஒருநாள் விட்டால் அதைப் பயிற்சி நாளாக்குங்கள். 1952, 1956, 1960 மூன்றுக்கும் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். என்னைப் போல ஒரு வாத்தியார் வேலை பார்த்தவர்தான் ஒரு நாட்டு அணியை ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார் என்பது எனக்குப் பெரிய தைரியம். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடுகிற போட்டி, பந்தை வைத்துக்கொண்டு ஓடாமல் உடனே தட்டிவிட வேண்டிய போட்டி என்றெல்லாம் அவர் நடத்தியிருக்கிறார். இரண்டையும் மணலில் ஆடிப் பாருங்கள். வலதுகாலன் எல்லாம் இடதுகாலால் மட்டும் அடிக்க வேண்டும். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் அன்றைக்குச் சமமாகிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. இந்திய அணியை வரிசையாக நிறுத்துங்கள். எதிர்ப் பக்கம் காலியாக இருக்கட்டும். விசில் ஊதுங்கள். பிள்ளைகள் விழிப்பார்கள். முதல் சுற்றில் இந்தியாவுக்கு எதிராக ஆட வேண்டியது ஹங்கேரி. அந்த வருடம் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி வந்து, சோவியத் டாங்கிகள் புகுந்து அடக்கின. அவர்களுடைய கால்பந்து அணி ஆட வரவில்லை. இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்காம் இடம் வந்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். ஆனால் அதில் வென்ற ஆட்டம் ஒன்றே ஒன்று என்பதும் பிள்ளைக்குத் தெரியட்டும்.

அந்த ஒன்று இதுதான்: 1956 டிசம்பர் 1, ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2. நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். நான்காவது கோல் கிட்டு என்று எல்லாரும் கூப்பிட்ட கிருஷ்ணசாமி. தலைவர் சமர் பானர்ஜி. நிலைமை: ஸ்கோர் 2-2, இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்குகிறது. ஆஸ்திரேலியா இரண்டு தடவை சமன் செய்துவிட்டது. இனி ஒன்பது நிமிடம் உங்களுடையது. எட்டு நாளில் பிள்ளைகள் மிகவும் கத்துகிற நாள் இது. ஒரு வருடம் கிட்டு சீட்டைக் குத்தியிருந்த ஒரு குட்டிப் பெண் கடைசி நிமிடத்தில் கோல் போட்டாள். இன்றைக்கும் தெருவில் அவளைக் கிட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான்காம் நாள், அரையிறுதி, மறுபடி யூகோஸ்லாவியா. டிசம்பர் 4. இங்கே நேரக் கணக்கைக் கூர்மையாகப் பிடியுங்கள். 52-ஆவது நிமிடத்தில் டிசூசா கோல் போட்டு இந்தியா 1-0 என்று முன்னிலை. நான்கு வருடம் முன்பு பத்து கோல் போட்டவர்களுக்கு எதிராக! இந்த இடத்தில் விசில் ஊதி, பிள்ளைகளைக் கத்த விடுங்கள், கட்டிப்பிடிக்க விடுங்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே பந்தை நடுவில் வைத்து யூகோஸ்லாவியாவை ஆடச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் உடனே ஒரு கோல் விழும். அன்றும் அதுதான் நடந்தது. இரண்டே நிமிடத்தில், நம் கணக்கில் அரை நிமிடத்துக்குள், சமன். 65-ஆவது நிமிடத்துக்குள் 3-1. கடைசியில் 4-1, அதில் ஒன்று நம் பக்கத்து ஆளின் காலில் பட்டே உள்ளே போனது. கோல் போட்ட அடுத்த இரண்டு நிமிடம் எப்படி நிற்க வேண்டும் என்று நான் வருடம் முழுக்கக் கத்தினாலும் ஏறாதது, இந்த ஒரு சாயங்காலத்தில் ஏறிவிடுகிறது.

ஐந்தாம் நாளை நீட்டாதீர்கள். வெண்கலத்துக்காக பல்கேரியாவோடு ஆடி 3-0 என்று தோற்றார்கள். டிசம்பர் 7. ஒரு வாரத்தில் மூன்றாவது ஆட்டம். பிள்ளைகளும் அன்றைக்குக் களைத்திருப்பார்கள். பாதி ஆட்டம் ஆடிவிட்டு, நுங்கு கிடைத்தால் வெட்டிக் கொடுத்து, உட்கார்ந்து பேசுங்கள். டிசூசா மொத்தம் நான்கு கோல் போட்டு அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவர்களில் ஒருவராக நின்றார். ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியாதான்.

கோல் காக்க யாரும் முன்வர மாட்டார்கள், அது எல்லா ஊரிலும் உள்ளது. அதற்குப் பீட்டர் தங்கராஜைச் சொல்லுங்கள். 1956, 1960 இரண்டு ஒலிம்பிக் அணியிலும் இருந்தவர், ஆறடிக்கு மேல் உயரம். முன்வரிசையில் கோல் போடுகிறவராகத்தான் தொடங்கினார். ராணுவத்தில் சேர்ந்த பிறகு கோல்கீப்பராகி, மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியோடு 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பை வென்றார். தங்கராஜ் சீட்டை யார் குத்திக்கொள்வது என்று இப்போது எங்கள் ஊரில் போட்டி நடக்கிறது.

ரோம்: மூன்று நாள்

1960-ஐ நான் கொஞ்சம் வேகமாகவே நடத்துவேன். குழுவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. மூன்று ஆட்டமும் மூன்று ஊரில்: லாக்குயிலா, க்ரோசெட்டோ, பெஸ்காரா. தலைவர் பி.கே. பானர்ஜி. ஹங்கேரியோடு 2-1 தோல்வி. துளசிதாஸ் பலராம் ஒரு கோலைத் திருப்பினார். அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கிய அணி. அதோடு ஒரு கோல் வித்தியாசத்தில் நின்றது சின்ன விஷயம் இல்லை. ஆறாம் நாள் இதற்கு 2-0 பின்தங்கிய நிலையில் கடைசி ஆறு நிமிடம் கொடுங்கள்.

ஏழாம் நாள் பிரான்ஸ். இது முதல் நாளின் மறுபக்கம், அதனால் அதே பிள்ளைகளை அதே அணியில் போடுங்கள். 71-ஆவது நிமிடத்தில் பானர்ஜியின் கோலில் இந்தியா 1-0. மீதத்தைக் காப்பாற்றுங்கள் என்று நான்கு நிமிடம் கொடுங்கள். காப்பாற்றினால், 1960-இல் முடியாததை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். அன்றைக்குக் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடைசி நிமிடத்தில் நழுவிய அதே பிரான்ஸ். 1-1.

எட்டாம் நாள் பெருவோடு 3-1 தோல்வி, கோல் மறுபடி பலராம். பெஸ்காராவும் நம் ஊரைப் போலக் கடலோர ஊர்தான். அங்கே ஆடியது இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம். அதன் பிறகு தகுதி பெறவே இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை உடனே ஏதாவது ஆறுதல் சொல்லி நிரப்பாதீர்கள். கேள்வி வரட்டும். போன வருடம் ஒரு பெண் கேட்டாள்: “பொம்பளைப் புள்ளைங்க டீமு எந்த ஒலிம்பிக்ல ஆடுச்சு டீச்சர்?” ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்தே 1996-இல் அட்லாண்டாவில்தான் வந்தது, இந்தியப் பெண்கள் அணி இன்னும் போகவில்லை என்றேன். “அப்ப நமக்கு இன்னும் முதல் ஆட்டமே வரல” என்றாள். அந்த வாக்கியத்தை அவளையே மீன் பெட்டியில் எழுதச் சொன்னேன்.

கடைசி நாள் பத்துக் கோலையும் வரிசையாகச் சொல்ல வையுங்கள்: ராமன் ஒன்று, அகமது கான் ஒன்று, டிசூசா நான்கு, கிட்டு ஒன்று, பலராம் இரண்டு, பானர்ஜி ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் அந்தச் சீட்டைக் குத்தியிருந்த பிள்ளை எழுந்து நிற்கட்டும். பரிசு எதுவும் வேண்டாம்.

இருட்டும் முன் கம்பைப் பிடுங்கிக் குழியை மூடுங்கள், இரவில் வள்ளம் இழுக்கிறவர்கள் கால் அதில் போகும். பந்தில் பாதிக் காற்றை இறக்கி வையுங்கள். துணிக்கட்டுகளை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் காயப்போட்டுச் சுருட்டுங்கள். உப்போடு வைத்தால் அடுத்த தடைக்காலத்துக்குள் இற்றுவிடும்.